ஒரிஜினல் பெயின்டிங்கா, பிரின்ட்டா? எங்க வூட்டு செவத்துக்கு வாங்குன படங்கள பத்தி

இலங்கை மலையகத்துல கொட்டகலைப் பக்கம் ஏழு பேர்ச்சஸ் காணில வூடு கட்டி குடிவந்து ரெண்டு வருசம் ஆகுது, ஹோல்ல ஒரு பெரிய செவரு வெறுமனே கெடந்துச்சி, அதுக்கு என்ன மாட்டுறதுன்னு தேடப் போயி இப்ப வூட்டுல நாலு படம் இருக்கு, அதுல ஒண்ணு கொழும்புல இருந்து கொரியர்ல வந்த பிரின்ட், ஒண்ணு நுவரெலியால ஒரிஜினல்னு சொல்லி வித்தது, ஒண்ணு கொழும்பு ரோட்டோர ஓவியச் சந்தையான கலா பொலவுல வாங்குனது, கடைசியா ஒண்ணு நம்ம மலையகத்துத் தம்பி ஒருத்தர்கிட்ட சொல்லி வரைஞ்சி வாங்குனது. நாலுக்கும் சேத்து செலவழிச்ச சல்லி கொஞ்சமில்ல, அதனால இதே மாதிரி தேடுறவங்களுக்கு ஒதவும்னு நடந்தத நடந்தபடியே எழுதுறேன்.

மொதல்ல பிரின்ட். ஒன்லைன்ல ஒரு கடையில பாத்தது, பச்சைப் பசேல்னு தேயிலை மலை, பனி, நடுவுல கொழுந்து பறிக்கிற ஒரு பொண்ணு சிரிச்சிகிட்டு நிக்கிறா. 24க்கு 36 இஞ்ச், கேன்வஸ்ல அடிச்சி மரச்சட்டத்துல இழுத்துக் கட்டி 14,500 ரூவா. போன்ல பாக்குறப்ப அவ்வளவு அழகா இருந்துச்சி. பார்சல பிரிச்சி மாட்டுன ஒடனே தூரத்துல இருந்து பாத்தா பரவால்ல, கிட்டப் போனா மொகமே கட்டம் கட்டமா ஒடைஞ்சி தெரியுது. பொறகுதான் இதுக்குள்ள இருக்குற கணக்கு வெளங்குச்சி. நல்ல பிரின்ட்னா ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி இருக்கணும்னு சொல்லுவாங்க, அப்ப 24 இஞ்ச் அகலத்துக்கு 7200 பிக்சல் வேணும், தூர நின்னு பாக்குற பெரிய படத்துக்கு 150 இருந்தாலும் சமாளிக்கலாம், அதுக்கே 3600 வேணும். எங்கயோ இணையத்துல எடுத்த 1200 பிக்சல் படத்த இழுத்து 24 இஞ்சுக்கு அடிச்சா ஒரு இஞ்சுக்கு 50தான் வரும், அப்ப ஒடையாம என்ன செய்யும். ஓர்டர் குடுக்க முன்னுக்கே ஃபைல் எத்தன பிக்சல்னு கேளுங்க, சொல்ல மாட்டேன்னா வாங்காதீங்க.

ஆனா எனக்கு அதைவிட மனசுல தச்சது அம்மா சொன்னதுதான். அம்மா முப்பத்தி நாலு வருசம் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவங்க. படத்துக்கு முன்னால நின்னு ரொம்ப நேரம் பாத்தாங்க, ஒண்ணும் பேசல, பொறகு "இந்தப் புள்ள ஒரு நாளும் மலைக்குப் போனதில்ல போல"ன்னாங்க. ஏம்மான்னு கேட்டா, "சேலைக்கு மேல இடுப்புல படங்கு கட்டல, கம்பளி இல்ல, கூடைக் கயிறு தலைல படுற எடத்துல ஒரு துணி கூட வைக்கல, கூடைய கைல புடிச்சிகிட்டு நிக்கிது, அந்தக் கூடைய வச்சிகிட்டு எந்தக் கையால பறிக்கும்"னாங்க. ஒரே மட்டமா பறிக்க செடி மேல வைக்கிற மட்டக்கம்பும் இல்ல, செடியும் பறிக்கிற மட்டத்துல இல்ல. அதுக்குப் பொறகு அந்தப் படத்த என்னால வேற மாதிரி பாக்க முடியல. படம் இப்ப மாடிப்படிக்குக் கீழ இருக்கு. வெளியில இருந்து வர்றவங்களுக்கு மலைன்னா இப்படித்தான் தெரியணும்னு யாரோ முடிவு பண்ணி அடிச்ச படம், அத நம்ம வூட்டு ஹோல்ல, அதுவும் அம்மா ஒக்காந்து டீ குடிக்கிற எடத்துக்கு நேரா மாட்டுறதுக்கு எனக்கு மனசு வரல.

இத சொன்னதால பிரின்ட் மட்டம், ஒரிஜினல்தான் ஒசத்தின்னு நான் சொல்றேன்னு நெனைச்சிடாதீங்க. நாங்க எல்லாருமே பிரின்ட் பாத்து வளந்தவங்க. தோட்டத்து லயத்துல, வரிசையா கட்டுன வூட்டுல, ஒத்தைக் காம்பரா செவத்துல என்ன இருந்துச்சி, சாமி படந்தான. முருகன், லட்சுமி, சரஸ்வதி, ஒரு சின்ன செவப்பு பல்பு. அந்த வழக்கமே ரவி வர்மா 1894ல பம்பாய்ல அச்சகம் போட்டு தன்னோட படங்கள கல் அச்சுல அடிச்சி விக்கத் தொடங்குனதுல இருந்துதான் இவ்வளவு பரவுச்சி, பொறகு கோவில்பட்டி கொண்டைய ராஜு மாதிரி ஆளுங்க வரைஞ்ச சாமி படங்கள் சிவகாசில காலண்டரா அடிச்சி ஊரெல்லாம் போச்சி. ஒரு ராஜா வூட்டுல மட்டும் இருந்த மாதிரியான படம் பத்தடி காம்பராவுக்குள்ள வந்தது அச்சாலதான். அம்மாயி, அம்மாவோட அம்மா, அந்த முருகன் படத்துக்கு முன்னால கும்புட்டப்ப இது ஒரிஜினலான்னு யாரும் கேக்கல, கேக்க வேண்டிய தேவையும் இல்ல. அதனால பிரின்ட்டு மேல எனக்கு மரியாதை உண்டு. பிரின்ட்ட பிரின்ட்டுன்னு சொல்லி பிரின்ட் வெலைக்கு விக்கணும், நான் கேக்குறது அவ்வளவுதான்.

அப்படி விக்காததுதான் ரெண்டாவது படம். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போயிருந்தப்ப ஒரு கடையில "ஓயில் பெயின்டிங், கையால வரைஞ்சது, ஒண்ணே ஒண்ணுதான்"னு சொல்லி ஒரு நீர்வீழ்ச்சி படத்த காட்டுனாங்க. தொட்டுப் பாத்தா பிரஷ் போட்ட மேடு பள்ளம் கைல படுது, நம்பிட்டோம், 28,000 ரூவா. வூட்டுக்கு வந்து ஒரு மாசம் போயி, ஏ லெவல் படிக்கிற மருமகன் அவன் பூதக்கண்ணாடிய எடுத்துப் படத்துல வச்சிப் பாத்துட்டு "மாமி, புள்ளி புள்ளியா இருக்கு"ன்னான். போயிப் பாத்தா உண்மைதான், நீலம், செவப்பு, மஞ்சள், கருப்புன்னு பொடிப் பொடிப் புள்ளி, பிரின்டர் மையி. அதுக்கு மேல தெளிவா காயுற ஜெல் ஒண்ண பிரஷால இழுத்து விட்டுருக்காங்க, கைக்கு பெயின்ட் மாதிரி படுறது அதுதான். நல்லா கவனிச்சா பிரஷ் கோடு ஒரு பக்கம் போவுது, படத்துல தண்ணி விழுற கோடு வேற பக்கம் போவுது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரல. ரசீதுல "வோல் ஆர்ட்"னு மட்டும் எழுதி இருந்துச்சி, அதனால திருப்பிக் குடுக்கப் போனப்ப எங்களால ஒண்ணும் பேச முடியல. அன்னிக்கு வந்த கோவம் இன்னும் தீரல, ஏன்னா அந்த 28,000 சேத்து வச்ச சல்லி, கையால வரையிற ஒரு ஆளுக்குப் போவுதுன்னு நெனைச்சித்தான் குடுத்தோம்.

இப்ப எந்தக் கடைக்குப் போனாலும் நான் செய்றது இதுதான். படத்த திருப்பி பின்னுக்குப் பாப்பேன், லயிட் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் புடிப்பேன். கையால வரைஞ்சதுன்னா பெயின்ட் ஒரு எடத்துல தடிப்பா ஒரு எடத்துல மெல்லிசா இருக்கும், அதனால வெளிச்சம் ஒரே மாதிரி வராது. பிரின்ட்னா எல்லா எடமும் சமமா தெரியும். கேன்வஸ் ஓரத்தையும் பாப்பேன், மடிச்ச பக்கத்துல படம் கச்சிதமா கண்ணாடில பாக்குற மாதிரி திரும்பி வந்துருந்தா அது கம்பியூட்டர்ல செஞ்சது. போன் கேமராவ கிட்ட வச்சி பெருசாக்குனாலே புள்ளி தெரிஞ்சிடும். ரசீதுல "கையால வரைஞ்ச அக்ரிலிக்" இல்லாட்டி "கேன்வஸ் பிரின்ட்"னு தெளிவா எழுதித் தரச் சொல்லுவேன், எழுத மாட்டேன்னா அங்கயே வச்சிட்டு வந்துருவேன்.

மூணாவது படம் சின்னது, ஆனா இத வாங்குனப்பதான் எனக்கு புதுசா ஒண்ணு தெரிஞ்சிச்சி. கொழும்புல விகாரமகாதேவி பார்க் பக்கத்துல, ஆனந்த குமாரசுவாமி மாவத்தைல, ரோட்டோரமாவே வரைஞ்சவங்க படத்த வச்சி விக்கிற கலா பொல 1993ல இருந்து நடக்குது. ஹட்டன்ல நைட் மெயில் ஏறி விடிய கோட்டைல எறங்கி போனோம். அங்க படத்த வரைஞ்ச ஆளே பக்கத்துல நிக்கிறாங்க, வெல கேக்கலாம், எப்படி செஞ்சீங்கன்னு கேக்கலாம், வாங்காட்டியும் மொகம் சுளிக்க மாட்டாங்க. அங்க ஒரு அக்காகிட்ட லினோகட் ஒண்ணு வாங்குனோம், 6,500 ரூவா, கீழ பென்சில்ல 7/25னு எழுதி கையெழுத்து போட்டுருக்கு. இது பிரின்ட்டா ஒரிஜினலான்னு கேட்டேன், ரெண்டுந்தான்னாங்க. லினோலியத்துல கையால செதுக்கி, மை தடவி, ஒவ்வொண்ணா கடதாசில அழுத்தி எடுக்குறது, மொத்தம் 25தான் எடுப்பாங்க, இது ஏழாவது. வேற ஒரு பெயின்டிங்க போட்டோ புடிச்சி அதப் பாத்து அடிச்ச நகல் இல்ல, அந்தக் கடதாசிதான் அவங்க செஞ்ச வேலை. ஒரிஜினல் வேணும், ஆனா கைல பத்தாயிரத்துக்கு மேல இல்லன்னா இந்த வகைதான் நான் யோசிக்காம சொல்ற பதில். கம்பியூட்டர்ல அடிச்சிட்டு கீழ நம்பர் மட்டும் போட்டும் விக்கிறாங்க, அதையும் கேட்டுக்குங்க. கையால எடுத்ததுல மை கொஞ்சம் அழுந்தி கடதாசில தடம் இருக்கும், தடவிப் பாத்தாலே சில நேரம் தெரியும்.

அந்தப் பயணத்துலயே பொரளை கோதமி விகாரைக்கும் போனோம், கண்டில 1901ல பொறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939, 40ல செவரு முழுக்க வரைஞ்ச புத்தர் கதை அங்க இருக்கு. அவரோட படத்த நான் அதுவரை புத்தகத்துலயும் போஸ்டர்லயும் உள்ளங்கை அளவுதான் பாத்துருக்கேன். செவத்துக்கு முன்னால நின்னப்ப அந்தக் கோடு என் தோளுக்கு மேல இருந்து எறங்கி வருது, ஆளுங்க என்னவிட பெருசா நிக்கிறாங்க. ஒரு படத்தோட அளவு எவ்வளவு முக்கியம்னு அன்னிக்குத்தான் ஒடம்பால வெளங்குச்சி. பார்ன்ஸ் பிளேஸ்ல சபுமல் பவுண்டேசன்லயும் 43 குழுங்கிற நவீன ஓவியர் குழு ஆளுங்களோட படங்கள் இருக்கு, அது அந்தக் குழுவுல இருந்த ஓவியர் ஹரி பீரிஸ் இருந்த வூடு, அதனால படம் ஒரு வூட்டுக்குள்ள எப்படி இருக்கும்னு பாக்க அதைவிட நல்ல எடம் கெடைக்காது. பெரிய ஆளுங்க படத்தோட பிரின்ட்ட வூட்டுல மாட்டுறது தப்பே இல்ல, ஒரிஜினல் நம்மளால நெனைச்சிப் பாக்க முடியாத வெல. ஆனா கீற் எறந்தது 1993ல, நம்ம நாட்டுச் சட்டப்படி வரைஞ்சவர் எறந்து 70 வருசம் வரைக்கும் உரிமை அவங்க பக்கம் இருக்கு, அதனால ரோட்டுல அடிச்சி விக்கிற நகல வாங்காம அனுமதியோட அடிச்சதா கேட்டு வாங்குங்க.

இப்ப நாலாவது படம். அம்மாயி பொறந்தது பழைய மஸ்கெலியா டவுன் பக்கம். 1969ல மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டுனப்ப அந்த டவுன் தண்ணிக்குள்ள போச்சி. வரட்சி காலத்துல தண்ணி எறங்குனா பழைய கோயிலோட கல்லு வெளில தெரியும், சனங்க போயி பாத்துட்டு வருவாங்க. அம்மாவுக்கு அந்த எடம்னா உசுரு. இந்த எடத்த எந்தக் கடையும் பிரின்ட் அடிச்சி விக்காது, டூரிஸ்ட் யாரும் அதக் கேக்க மாட்டாங்க. அப்பதான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன், பூ, மயிலு, கடலு, மேகம் எது வேணும்னாலும் நல்ல பிரின்ட்டா வாங்கிக்கலாம், நம்ம எடம், நம்ம சனம்னா வரையிற ஆள்கிட்ட சொல்லித்தான் வாங்கணும், வேற வழி இல்ல.

பொகவந்தலாவைப் பக்கம் உள்ள தம்பி ஒருத்தர், மட்டக்களப்புல விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துல ஓவியம் படிச்சவரு, தெரிஞ்சவங்க மூலமா பேசுனோம். 18க்கு 24 இஞ்ச், கேன்வஸ்ல அக்ரிலிக், 42,000 ரூவா, பாதி முன்பணம். வெலய கேட்ட ஒடனே எங்க வூட்டுக்காரரு யோசிச்சாரு, நானும் யோசிச்சேன். ஆனா அந்தத் தம்பி கணக்கு சொன்னாரு, கேன்வஸ், பெயின்ட் எல்லாம் வெளிநாட்டுல இருந்து வர்ற சாமான், மஸ்கெலியாவுக்கு ரெண்டு தடவ போவணும், ரெண்டு மாசம் வேலை. நாளுக்குன்னு பிரிச்சிப் பாத்தா அது ஒரு மேசன் பாஸ் கூலிக்குக்கூட வராது. பேரம் பேச வாய் வரல.

மார்ச்ல தண்ணி எறங்குனப்ப அவரு போயி பென்சில்ல வரைஞ்சிகிட்டு வந்தாரு, அத அம்மாகிட்ட காட்டி அம்மா சொல்றத கேட்டாரு. "அந்தப் பக்கம் மலை இன்னும் கிட்ட வரும் தம்பி"ன்னு அம்மா சொல்ல சொல்ல திருத்துனாரு. ஒரு பிரின்ட் கடையில இது நடக்குமா. படம் வந்தப்ப கல்லு ஈரமா இருக்கு, சேறு வெடிச்சிருக்கு, தண்ணி ஓரத்துல ஒரு அம்மா முக்காடு போட்டுகிட்டு முதுக காட்டி நிக்கிறாங்க. அது யாருன்னு அவரு சொல்லல, நாங்களும் கேக்கல. அம்மா அந்தப் படத்த தொட்டுப் பாத்தாங்க. குறைன்னு சொன்னா, சொன்ன தேதிக்கு மூணு வாரம் பிந்தித்தான் தந்தாரு, நடுவுல போன் எடுக்காத நாளும் இருந்துச்சி. அத முன்னுக்கே எழுத்துல பேசி வச்சிக்குங்க.

இப்ப நம்ம ஊரு ஈரத்த பத்தி சொல்லியே ஆகணும். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, பனி, துணியே காயாது, அப்ப கடதாசி மட்டும் எப்படி தப்பும். எங்க லினோகட்ட மொதல்ல ஹட்டன்ல ஒரு ஃபிரேம் கடையில குடுத்தப்ப பின்னுக்கு பழைய பேப்பர் வச்சி, கடதாசி கண்ணாடில ஒட்டுற மாதிரி போட்டுத் தந்தாங்க. முதல் மழைக்கே கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்துச்சி, ஓரத்துல பழுப்பு புள்ளி புள்ளியா வரத் தொடங்கிருச்சி. ஒடனே கழட்டி வேற ஒரு அண்ணன்கிட்ட குடுத்தோம். அவரு தங்கமான வேலைக்காரரு, நடுவுல மவுண்ட் போர்டு வச்சி கடதாசிக்கும் கண்ணாடிக்கும் எடைவெளி விட்டாரு, பின்னுக்கு நியூஸ் பேப்பர் வேணாம் அக்கா, அதுல உள்ள அமிலம் படத்தையும் பழுப்பாக்கும்னு அவரே சொன்னாரு. அமிலமில்லாத போர்டு ஹட்டன்ல கெடைக்கல, கொழும்புல இருந்து எடுப்பிச்சோம். ஃபிரேமுக்கு பின்னுக்கு நாலு மூலையிலயும் சின்ன ரப்பர் துண்டு ஒட்டுனாரு, அதால படம் செவத்துல படாம காத்து போவுது. மொத்தம் 5,800 ரூவா, படத்தோட வெலைக்கு கிட்ட வருது, ஆனா குடுத்த சல்லிக்கு முழுசா தகும்.

மலைப் பக்கம் மண்ண வெட்டி கட்டுன செவத்துல எதையும் மாட்டாதீங்க, அது வருசம் முழுக்க ஈரம். வெறகு அடுப்பு பொகை வர்ற எடமும் வேணாம். பிரின்ட்டுக்கு இன்னொரு எதிரி வெயிலு, நம்ம பக்கம் பெப்ரவரில அடிக்கிற வெயில் நேரா பட்டா சாதா டை மைல, அதாவது கரையிற சாயத்துல, அடிச்ச படம் சீக்கிரமே வெளுத்துரும், நிறத்தூள்ல செஞ்ச பிக்மென்ட் மைன்னா ரொம்ப வருசம் தாங்கும், வாங்குறப்ப எந்த மைன்னு கேளுங்க. ஒரு வித்தியாசம் இருக்கு, பிரின்ட் பூஞ்சை புடிச்சா மனசு கஷ்டந்தான், ஆனா மறுபடி அடிச்சிக்கலாம். எங்க மஸ்கெலியா படம் போனா போனதுதான். அதனால வூட்டுலயே காஞ்ச செவரு எதுன்னு பாத்து அதுக்குக் குடுத்தோம், அந்த எடத்துக்குன்னு நெனைச்சிருந்த டீவி வேற பக்கம் போச்சி.

அம்மாயியோட அக்கா குடும்பம் மலையகத் தமிழர்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்ப ரெண்டு நாடும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியா போயி இப்ப கோத்தகிரில இருக்காங்க. பெரியம்மாயிக்கு எண்பத்தஞ்சு தாண்டிருச்சி. படத்த வீடியோ கோல்ல பாத்துட்டு ஒரு காப்பி கேட்டாங்க. மருமகன் போன்ல எடுத்து அடிக்கலாம்னான், நான் தம்பிகிட்ட கேக்காம வேணாம்னுட்டேன். நாம காசு குடுத்து வாங்குறது அந்தப் படத்த மட்டுந்தான், அத நகல் எடுக்குற உரிமை வரைஞ்சவருக்குத்தான், 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. கேட்ட ஒடனே அவரு சந்தோசமா மூணு காப்பிக்கு அனுமதி எழுதித் தந்தாரு, காசு வேணாம்னாரு, நாங்க வுடல. படத்த ஒழுங்கா வெளிச்சம் வச்சி நல்ல கேமரால எடுத்து, 12க்கு 16 இஞ்ச் அளவுல, பருத்திக் கடதாசில பிக்மென்ட் மைல அடிச்சோம், அந்த அளவுக்கு 3600க்கு 4800 பிக்சல் போதும், ஒண்ணு 4,200 ரூவா. கிட்ட போயி பாத்தாலும் கல்லோட ஈரம் தெரியுது. அம்மாவோட சின்ன தங்கச்சிக்கு ஒண்ணு, கொழும்புல அண்ணனுக்கு ஒண்ணு, திருச்சிக்கு போன சொந்தக்காரர் கைல சுருட்டி கொழாய்ல போட்டு கோத்தகிரிக்கு ஒண்ணு.

போன வாரம் பெரியம்மாயி போன் எடுத்தாங்க. படத்த மடில வச்சிகிட்டுத்தான் பேசுனாங்க. கோயில் சரியா இருக்கு, ஆனா கோயில்ல இருந்து கடைத்தெருவுக்கு எறங்குற வழி எங்கன்னு கேட்டாங்க. அது தண்ணிக்குள்ள இருக்கு பெரியம்மான்னு அம்மா சொன்னாங்க. அது தெரியும், இருந்தாலும் எந்தப் பக்கம்னு காட்டச் சொல்லுன்னாங்க. அம்மா செவத்துப் படத்துக்கிட்ட போயி கீழ் ஓரத்துல விரல வச்சி காட்டுனாங்க, கோத்தகிரில அவங்களும் அவங்க காப்பில அதே எடத்துல விரல வச்சாங்களாம். தம்பிகிட்ட இத சொன்னேன், அந்த வழிய பெரியம்மாயி சொல்ல சொல்ல சின்னதா ஒரு படம் வரைஞ்சி தர்றேன்னு சொல்லிருக்காரு, 9க்கு 12 இஞ்ச், 15,000 ரூவா. முன்பணம் நேத்து போட்டாச்சி.